வெளியிட விருந்துக்கு பேக்டு பீன்ஸ்: ஓவனா, மண்குழியா, கரித்தணலா, புகையடுப்பா?

பாஸ்டனைச் சுற்றியுள்ள ஊர்களில் மே மாதக் கடைசி முதல் செப்டம்பர் தொடக்கம் வரை வெயில் அடிக்கும் வார இறுதி ஒன்றைக்கூட மக்கள் வீணாக்குவதில்லை. கொல்லைப்புறத்திலோ ஏரிக்கரையிலோ பூங்காவிலோ அடுப்பை மூட்டி வெளியிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் தெருவில் நடக்கும் இத்தகைய விருந்துகளில் இறைச்சி சுடுவதற்குப் போட்டி போட ஆள் உண்டு என்பதால், யாரும் விரும்பி ஏற்காத பேக்டு பீன்ஸ் (இனிப்பும் உப்பும் சேர்ந்த சாற்றில் மணிக்கணக்காக மெதுவாக வேகும் பீன்ஸ்) பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து சேர்ந்தது. பீன்ஸ் என்றதும் பொரியலுக்கு நறுக்கும் பச்சைக் காயை நினைத்துவிடக் கூடாது. இது நேவி பீன்ஸ் எனப்படும் சின்னஞ்சிறு வெள்ளை உலர்விதை. மாசசூசெட்ஸ் மாநிலம் 1993-இல் இதைத் தன் அதிகாரப்பூர்வ பீன்ஸாகவே அறிவித்துக்கொண்டது. வீட்டு ஓவனில் வைப்பது, மண்ணில் குழி தோண்டிப் புதைப்பது, கரித்தணலில் வைப்பது, இறைச்சியை மெல்லிய சூட்டில் விறகுப்புகையில் சுடும் புகையடுப்பில் வைப்பது ஆகிய நான்கையும் செய்து பார்த்துவிட்டேன் என்பதால், எது எந்த விருந்துக்குப் பொருந்தும் என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

எந்த வழியில் சமைத்தாலும் இதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன: விதை உள்வரை வேக வேண்டும், வெந்த விதைக்குள் இனிப்பும் உப்பும் கொழுப்பும் இறங்கி நிறம் ஏற வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டதால்தான் முதல் ஆண்டு தெருவார் முன்னால் தலைகுனிந்தேன். ஊறிய விதையைத் தனியே கொதிக்கவிடாமல், மொலாசஸ் என்னும் கருத்த கரும்புப்பாகு, தக்காளி விழுது, வினிகர் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கொட்டி எட்டு மணி நேரம் ஓவனில் வைத்து எடுத்தபோது, சாறு கறுத்துப் பளபளத்தது; விதையோ பல்லில் நறுக்கென்று உடைந்தது. பருப்பு வேகவில்லை என்று நாம் கேலியாகச் சொல்வது அன்று எனக்கு நேர்ப்பொருளிலேயே நடந்துவிட்டது. அமிலமும், மொலாசஸில் தாராளமாக இருக்கும் கால்சியமும் விதையின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வதே இதற்குக் காரணம். ஆனால் அதே குணம்தான், முன்கூட்டியே வெந்த விதை மணிக்கணக்காக அடுப்பில் கிடந்தாலும் கூழாகிவிடாமல் காப்பாற்றுகிறது. ஆகவே ஒவ்வொரு வழியும் இந்த இரண்டு வேலைகளில் எதைச் செய்கிறது, எதை நம் தலையில் விட்டுவிடுகிறது என்பதே என் அளவுகோல்.

வீட்டு ஓவன் வழி இந்த ஊரின் பழைய வழக்கத்துக்கு மிக நெருங்கியது. இங்கே குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் சனிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து ஞாயிறு மாலை வரை ஓய்வுநாள் காத்ததால், சனிக்கிழமையே பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, அன்றிரவும் மறுநாளும் அதையே உண்டார்கள். வயிறு பெருத்து வாய் சிறுத்த பீன்ஸ் பானையில் நீர் மெதுவாகத்தான் வற்றும். நான் 900 கிராம் விதையை இரவு முழுவதும் உப்பு நீரில் ஊறவைத்து, காலையில் புது நீரில் கொதிக்கவிடுகிறேன். கரண்டியில் நாலைந்து விதைகளை எடுத்து வாயால் ஊதினால் தோல் வெடித்துச் சுருண்டு எழ வேண்டும். அதுதான் இறக்கும் பதம். இந்த ஊர்ப் பாட்டிகளின் அந்தச் சோதனையைக் கடிகாரத்தைவிட நான் நம்புகிறேன், ஏனென்றால் வெப்பமான அறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த விதைக்கும் சென்ற அறுவடையின் விதைக்கும் வேகும் நேரம் ஒன்றாக இருப்பதில்லை. பிறகு பானையின் அடியில் முழு வெங்காயம் ஒன்று, அதன்மேல் விதை, மேலே தோலைக் கீறிய உப்பிட்ட பன்றிக்கொழுப்பு 300 கிராம். மொலாசஸ் முக்கால் கப்புக்குச் சற்றுக் குறைவாக, கடுகுத்தூள் இரண்டு தேக்கரண்டி, உப்பு, மிளகுத்தூள் ஆகியவற்றைச் சுடுநீரில் கரைத்து, விதை மூழ்கும்வரை ஊற்றினால் போதும். 150 டிகிரி செல்சியஸில் ஆறு மணி நேரம் இருக்க வேண்டும். இடையிடையே நீர் பார்த்து ஊற்றி, கடைசி ஒரு மணி நேரம் மூடியைத் திறந்துவிட வேண்டும். இந்த அளவு துணையுணவாக 15 பேருக்குக் குறையாமல் வரும்.

மொலாசஸைப் பற்றி ஒரு வார்த்தை. நம் சர்க்கரை ஆலைகளில் கழிவுப்பாகு என்கிறார்களே, அந்த இனம்தான் இது. ஆயினும் சமையலுக்கு எடுக்க வேண்டியது முதல் காய்ச்சலில் கிடைக்கும் கசப்புக் குறைந்த வகை. கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்பின் பாகு, ரம் காய்ச்சுவதற்காக இந்தத் துறைமுகத்தில் வந்து குவிந்ததால்தான் ஏழைகளின் பீன்ஸ் பானைக்குள்ளும் அது நுழைந்தது. 1919 ஜனவரி 15 அன்று பாஸ்டனின் நார்த் எண்ட் பகுதியில் ஏறத்தாழ 87 லட்சம் லிட்டர் மொலாசஸ் இருந்த தொட்டி உடைந்து, பாகு வெள்ளத்தில் 21 பேர் இறந்தார்கள் என்றால், இந்த நகரத்தில் அந்தப் பொருள் எவ்வளவு புழங்கியது என்பது விளங்கும். அதற்குப் பதிலாக வெல்லப்பாகு ஊற்றியும் பார்த்திருக்கிறேன். இனிப்பு வருகிறது, ஆனால் அடியில் நிற்க வேண்டிய மெல்லிய கசப்பு வரவில்லை.

ஓவன் இரண்டு வேலைகளையும் ஒழுங்காகச் செய்கிறது. நடுவில் திறந்து பார்க்கலாம், நீர் சேர்க்கலாம், உப்பைத் திருத்தலாம். மேற்பரப்பில் கருஞ்சிவப்பாகப் படியும் ஆடை மற்ற வழிகளில் இந்த அளவுக்கு அமைவதில்லை. குறை என்னவென்றால், ஜூலை மாத வெயிலில் ஆறு மணி நேரம் ஓவன் எரிந்தால் வீடே ஓவனாகிவிடும். அதனால் நான் முந்தைய நாளே விதையை ஊதிப் பார்க்கும் பதம்வரை வேகவைத்துவிட்டு, இரவு பத்து மணிக்கு 120 டிகிரியில் ஏற்றி, காலை ஆறு மணிக்கு இறக்குகிறேன். இடையில் எழுந்து நீர் ஊற்ற முடியாதாகையால், மூடிக்கு அடியில் அலுமினியத் தாளை இறுக்கிக் கட்டிவிட்டு, வழக்கத்தைவிட ஒரு கப் நீர் கூடுதலாக ஊற்றிவைக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான வழி வடக்கே மெய்ன் மாநிலத்தின் மண்குழி பீன்ஸ். பெனோப்ஸ்காட் முதலிய பூர்வகுடிகளிடமிருந்து குடியேறியவர்கள் கற்றுக்கொண்டதாகச் சொல்லப்படும் இந்த முறை, 19-ஆம் நூற்றாண்டில் காட்டில் மரம் வெட்டும் முகாம்களின் அன்றாடச் சாப்பாடாக இருந்தது. பேட்டன் ஊரிலுள்ள மரம்வெட்டிகள் அருங்காட்சியகத்தில் ஆகஸ்டு மாதத்தில் இன்றும் இப்படிச் சமைத்து விருந்து போடுகிறார்கள். மூன்றடி ஆழம், இரண்டடி அகலத்தில் குழி தோண்டி, உள்ளே கற்களை அடுக்கி, மேப்பிள், ஓக் போன்ற வன்மரக் கட்டைகளை மூன்று நான்கு மணி நேரம் எரித்துத் தணலாக்க வேண்டும். ஆற்றில் கிடந்த ஈரக் கல்லை எடுத்துப் போட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறும் என்பதை முதல்முறை தோண்டுவோர் மறக்கக் கூடாது. தணலில் பாதியை வாரி எடுத்துவிட்டு, வார்ப்பிரும்புச் சட்டியை இறக்கி, எடுத்த தணலை மூடிமேல் பரப்பி, மண்ணைத் தள்ளி முற்றிலும் மூடிவிட்டால், மறுநாள் மதியம்வரை நமக்கு அங்கே வேலையில்லை.

மெய்னில் ஒரு நண்பரின் நிலத்தில் இப்படிப் புதைத்த சட்டியை மறுநாள் தோண்டி எடுத்த காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மண்வெட்டி இரும்பில் பட்டு ‘ணங்’ என்றதும், நண்பரின் தந்தை கையமர்த்தி எங்களை நிறுத்திவிட்டு, முழங்காலிட்டு, பழைய துடைப்பத்தால் மூடியைச் சுற்றியிருந்த சாம்பலை அங்குலம் அங்குலமாகப் பெருக்கினார். அந்தப் பொறுமை இல்லாமல் மூடியை இழுத்தால் ஒரு பிடி சாம்பல் உள்ளே விழுந்து பதினான்கு மணி நேர உழைப்பைக் கெடுத்துவிடுமாம். திறந்தபோது ஒரு விதைகூட உடையாமல், மேலிருந்து அடிவரை ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தது. அவர்கள் போட்டிருந்தது நேவி பீன்ஸ் அல்ல, மெய்ன்காரர்கள் விரும்பும், கண்போல மஞ்சள் புள்ளி விழுந்த யெல்லோ ஐ வகை. விதை சற்றுப் பெரிது, உள்ளே வெண்ணெய்போல மசியும்.

மண்குழியில் புகைவாசம் ஏறும் என்று பலரும் சொல்வதை என் நாக்கு ஒப்புக்கொள்ளவில்லை. மூடிய சட்டி, மேலே மண். புகை எங்கிருந்து உள்ளே போகும்? முதலில் கொதிநிலையில் தொடங்கி விடியும்வரை சிறிது சிறிதாக இறங்கும் சூடுதான் அந்த மென்மையைத் தருகிறது, ஓவனில் அதை அப்படியே கொண்டுவருவது கடினம். ஆனால் சாறு நீர்த்தே இருக்கும், மேலே ஆடை படியாது, உள்ளே வைத்த பின் திருத்தவும் வழியில்லை. நீரின் அளவை முன்கூட்டியே கணித்து விதைக்கு மேல் இரண்டங்குலம் நிற்குமாறு ஊற்றிவிட வேண்டும். முந்தைய வாரம் மழை பெய்து மண் ஈரமாக இருந்தால் அது சூட்டைக் குடித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த நிலமோ உரிமையாளரின் அனுமதியோ வேண்டும். பொதுப் பூங்காக்களில் பெரும்பாலும் தோண்ட விடமாட்டார்கள், இலைமக்கும் வேரும் நிறைந்த இடத்தில் மூட்டினால் நெருப்பு மண்ணுக்குள்ளேயே கனன்று வேறிடத்தில் கிளம்பும் ஆபத்தும் உண்டு.

கரித்தணல் வழிக்கு மூன்று கால்களும் விளிம்பு தூக்கிய மூடியும் உள்ள டச்சு ஓவன் சட்டி தேவை. பன்னிரண்டு அங்குலச் சட்டியை 150 டிகிரி அளவில் வைத்திருக்க, பிரிக்கெட் எனப்படும், கரித்தூளை அழுத்திச் செய்த ஏறத்தாழ இருபது கரித்துண்டுகளை மூடிமேல் இரு பங்கும் அடியில் ஒரு பங்குமாகப் பரப்ப வேண்டும். அவை ஒரு மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். ஆறு மணி நேரம் என்றால் ஆறு முறை புதுக் கரி மூட்டி மாற்ற வேண்டும், நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் செலவாகும், காற்று அடித்தால் கணக்கே மாறிவிடும், விருந்துக்கு வந்தவர் அடுப்பருகிலேயே தவம் கிடக்க வேண்டும். பச்சை விதையிலிருந்து இதில் சமைப்பது வீண் என்பதே என் தீர்ப்பு. ஆனால் விருந்து நடக்கும் வெளியிடத்திலேயே, வெந்த பீன்ஸுக்கு அரைமணி நேரம் மேற்சூடு கொடுத்து ஆடை படியவைப்பதற்கு இதைவிட நல்ல கருவி இல்லை.

புகையடுப்பும் அப்படியே, அது இரண்டாம் வேலையை மட்டுமே செய்யும். 110 டிகிரி புகையில், மொலாசஸும் தக்காளியும் கலந்த சாற்றில், வேகாத விதையை வைத்தால் என் முதல் ஆண்டுக் கதைதான் திரும்பும். முழுக்க வெந்ததை வாயகன்ற தட்டில் பரப்பி, பன்றித்தோள் சுடப்படும் கம்பித்தட்டுக்குக் கீழ்த்தட்டில் வைத்தால், சொட்டும் கொழுப்பும் புகையும் சேர்ந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் வேறொரு பண்டமாகிவிடுகிறது. புகை மேற்பரப்பில்தான் ஒட்டும் என்பதால் அரைமணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். பீன்ஸுக்காக மட்டும் புகையடுப்பை மூட்டுவது வீண்செலவு. வேறொருவர் ஏற்கெனவே இறைச்சிக்காக மூட்டியிருந்தால் வாய்ப்பை விடக்கூடாது.

மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சட்டியான ஸ்லோ குக்கரில் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரே எச்சரிக்கை: சிவப்பு ராஜ்மா வகையைப் பயன்படுத்தினால் முதலில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் அரைமணி நேரம் நன்றாகக் கொதிக்கவிட்ட பிறகே அதில் இட வேண்டும், 80 டிகிரி அளவில் மட்டும் சூடாகும்போது அந்த விதையிலுள்ள லெக்டின் நச்சு அழிவதற்குப் பதிலாக வீரியம் கூடி, கடும் வாந்தியில் கொண்டுபோய் விடக்கூடும். டின்னில் அடைத்ததை வாங்கி வெங்காயமும் கடுகும் சேர்த்துச் சூடாக்கிக் கொண்டுபோவதை நான் குறைசொல்லவில்லை. அவசரத்துக்கு அது போதும், ஆனால் இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. பிரிட்டனின் தக்காளிச் சாறு டின் பீன்ஸ் பெயரளவில்தான் பேக்டு. மூடிய டின்னுக்குள்ளேயே நீராவியில் வேகும் பண்டம் அது.

வெளியிட விருந்தில் சுவைக்கு இணையாகப் பார்க்க வேண்டியது சூட்டைக் காப்பது. சமைத்த பீன்ஸ் 60 டிகிரிக்கு மேலேயே இருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண்துறையின் விதி. இங்கேதான் வார்ப்பிரும்பு மண்பானையை முந்துகிறது. மண்பானை கார் குலுக்கலில் விரிசல் விடும், தணலில் நேராக வைக்கவும் முடியாது. இரும்புச் சட்டியைக் கொதிக்கக் கொதிக்க இறக்கி, இரண்டு பழைய துண்டுகளில் சுற்றி, ஐஸ் போடாத ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடினால், நான்கு மணி நேரம் கழித்தும் வெப்பமானியில் 70 டிகிரி காட்டுகிறது.

ஆகவே பகல் விருந்துக்கு நான் தேர்ந்துகொண்டது ஓவனும் தணலும் சேர்ந்த வழி. இரவெல்லாம் ஓவனில் இரும்புச் சட்டியில் வேகவைத்து, ஐஸ்பெட்டியில் கொண்டுபோய், மற்றவர்கள் இறைச்சியைத் திருப்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் அவர்களுடைய கரியிலேயே பத்துப் பன்னிரண்டு துண்டுகளை வாங்கி மூடிமேல் அடுக்குகிறேன். கூடாரம் போட்டு இரவு தங்குவதானால், நிலமும் நான்கு பேரும் கிடைத்தால், மண்குழியைத்தான் தேர்ந்தெடுப்பேன். மரக்கறி உண்பவர்கள் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் என்பதால் அவர்களுக்கென்று பன்றிக்கொழுப்புக்குப் பதில் 100 கிராம் வெண்ணெயும் வதக்கிய வெங்காயமும் சேர்த்துத் தனிச் சட்டியே வைக்கிறேன். கொழுப்புத் துண்டை ஒதுக்கிவிட்டுப் பரிமாறலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரைமணி கழித்து மூடியைக் கிடுக்கியால் தூக்கும்போது ஓரங்களில் சாறு குமிழியிட்டு, பெரிய சட்டியில் கொழுப்புத்தோலும் சிறியதில் வெங்காயமும் முறுகிச் சிவந்திருந்தால், தட்டை நீட்டச் சொல்ல வேண்டியதுதான்.