ஏதென்ஸில் பேச இரண்டு மேடை: மக்கள் சபையா, நீதிமன்றமா?

கி.மு. 4ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் நாவன்மைக்கு இரண்டு களங்கள். பினிக்ஸ் குன்றில் கூடிய மக்கள் சபையில் "யார் பேச விரும்புகிறீர்கள்?" என்று கட்டியக்காரர் கேட்டதும் எந்தக் குடிமகனும் மேடையேறலாம். நேரக் கட்டுப்பாடு கிடையாது. பிடிக்காவிட்டால் கூட்டமே கூச்சலிட்டு இறக்கிவிடும். பெரும் பேச்சாளராகப் புகழ்பெற்ற டெமாஸ்தனிஸுக்கே தொடக்கத்தில் அந்த அனுபவம் உண்டு என்கிறார் அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க். முடிவு கைதூக்கலில், கைகளைப் பெரும்பாலும் கண்ணளவிலேயே மதிப்பிட்டார்கள்.

நீதிமன்றம் வேறு உலகம். தீர்ப்பு சொல்பவர்கள் 30 வயது கடந்த குடிமக்களான நடுவர்கள்: 1000 திராக்மா (ஏதென்ஸின் வெள்ளி நாணயம்) வரையிலான தனி வழக்குக்கு 201 பேர், அதற்கு மேல் 401, பொது வழக்குக்குப் பெரும்பாலும் 501. பேச்சை நீர்க்கடிகாரம் அளக்கும்: அடியில் துளையுள்ள பானையிலிருந்து தண்ணீர் வடியும்வரை பேசலாம். அகழ்வில் கிடைத்த ஒரு பானை சுமார் 6.4 லிட்டர் கொள்ளும். ஆறு நிமிடத்தில் காலி. தனி வழக்கில் சட்டமோ சாட்சியமோ வாசிக்கும்போது துளையை அடைத்துவிடுவார்கள்.

வாக்களிக்க ஒவ்வொரு நடுவருக்கும் நடுவில் அச்சு உள்ள இரண்டு வெண்கல வட்டுகள் தரப்படும். ஒரு வட்டின் அச்சு துளையுள்ளது, அது வழக்குத் தொடுத்தவருக்கான வாக்கு. மற்றதன் அச்சு கெட்டி, அது எதிராளிக்கு. அச்சின் இரு முனைகளையும் விரல்களால் மூடிப் பிடித்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. கைதூக்கலைவிட இது எவ்வளவோ மேல்.

கட்சிக்காரர் தாமே பேச வேண்டும். எழுதித் தர ஆள் உண்டு: குடியுரிமை இல்லாத லைசியஸ் அதில்தான் பெயரெடுத்தார். மனப்பாடம் தடுமாறினாலும் தண்ணீர் காத்திருக்காது.

ஆபத்து இரண்டிலும் உண்டு. பொது வழக்கில் ஐந்தில் ஒரு பங்கு வாக்குகூடக் கிடைக்காத வாதிக்கு 1000 திராக்மா அபராதம். சபையில் தீர்மானம் கொண்டுவந்தவர் மீதோ, அது சட்டவிரோதம் என்று ஓராண்டுக்குள் வழக்குப் போடலாம். அரசியல் எதிரிகள் அதை நன்றாகவே பயன்படுத்தினார்கள்.