நைட்ரிக் ஆக்சைடு பூஸ்டர்னு விக்கிற பீட்ரூட் பவுடர் – 3 ஸ்டார்

அப்பாவுக்கு டைப் 2 சுகர், அதான் ஆன்லைன்ல வாங்கி ரெண்டு மாசமா கொடுக்குறேன். நல்லா கரையுது, மண்வாசனை கொஞ்சம் தூக்கல், அரை எலுமிச்சம்பழம் பிழிஞ்சா குடிச்சிடலாம். முதல் நாள் யூரின் செவப்பா போனதும் அப்பா பதறிட்டார், அது பீட்ரூட் கலர்தான்.

ஆனா டப்பால "சுகரை உடனே குறைக்கும்"னு போட்டிருக்காங்க பாருங்க, அது ரொம்ப தப்பு. நடக்கும்போது தசை சுருங்குறப்ப குளூட் 4னு ஒரு புரதம் செல்லோட மேல்பக்கம் வந்து இன்சுலின் தயவில்லாமலே குளுக்கோஸை உள்ள இழுக்கும், அதுல நைட்ரிக் ஆக்சைடுக்கும் (நம்ம உடம்பே உருவாக்குற, ரத்தக்குழாயை விரிக்கிற ஒரு வாயு) பங்கு உண்டு, சைக்கிள் மிதிக்கிறவங்க கால்ல நைட்ரிக் ஆக்சைடு உருவாகுறத மருந்தால தடுத்துப் பாத்தப்ப ரத்த ஓட்டம் அப்படியே இருந்தும் குளுக்கோஸ் எடுக்குறது குறைஞ்சுச்சு, சுகர் உள்ளவங்களுக்கு இன்னும் அதிகமா. அதுக்காக பவுடர் குடிச்சிட்டு உக்காந்திருந்தா சுகர் இறங்கும்னு அர்த்தமில்ல, அப்பா மாத்திரைய நிறுத்தல, சாயங்கால நடையும் விடல.

இன்னொண்ணு, பீட்ரூட்ல இருக்க நைட்ரேட்டை நைட்ரைட்டா மாத்துறது நாக்குல இருக்க பாக்டீரியாதான், அந்த நைட்ரைட்டுதான் அப்புறம் உடம்புல நைட்ரிக் ஆக்சைடா மாறுது; கிருமியைக் கொல்ற மவுத்வாஷ் போட்டா அந்த பாக்டீரியா பெரும்பாலும் செத்துடும். டப்பால இதையும் எழுதல, ஒரு ஸ்பூன்ல எத்தனை மில்லிகிராம் நைட்ரேட்டுன்னும் போடல. கேட்டு மெயில் போட்டேன், பதிலே இல்ல.