பிறைக்கத்தி: பத்துமுறை தீட்டிய பிறகு தெரியும் தரம்

தோல் வெட்டப் பயன்படும், ரவுண்ட் நைஃப் எனப்படும் பிறைக்கத்தி எதுவானாலும் முதல் வாரத்தில் நன்றாகத்தான் வெட்டும். பெட்டியைத் திறந்ததும் கை முடியை மழிக்கிறது என்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்பவர்கள் நிறையப் பேர். அந்தக் கூர் சில மணி நேர வேலையில் போய்விடும். எட்டு, பத்து முறை சாணைக்கல்லைப் பார்த்த பிறகு ஒரு கத்தி கனத்துப்போய்த் தோலைப் பிளக்கத் தொடங்குகிறது. இன்னொன்று முதல் நாள் இறங்கியதுபோலவே இறங்குகிறது. எஃகின் பெயரை மட்டும் பார்த்து இதைக் கணிக்க முடியாது. அலகின் கனமும் வளைவும்தான் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன.

கனத்தை அளக்க ஒரு வெர்னியர் காலிப்பர் போதும். கூர் விளிம்பிலிருந்து 5 மி.மீ. மேலே அளந்தால் 1 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், 0.8 மி.மீ. என்றால் இன்னும் நல்லது. முதுகுப் பக்கம் 2 மி.மீ., 2.5 மி.மீ. இருந்தால் பாதகமில்லை, அங்கே விறைப்பு தேவை. விளிம்புக்கு 5 மி.மீ. மேலேயே 1.5 மி.மீ. காட்டும் கத்தியும் குரோமிய உப்பில் பதனிட்ட மெல்லிய தோலில் குறை தெரியாமல் ஓடும். 4 மி.மீ. பெல்ட் தோலில் வைத்து அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். விளிம்பு வெட்டிய இடத்தில் பின்னால் வரும் கனம் ஆப்பு போல இறங்கி இரு பக்கத் தோலையும் தள்ள வேண்டியிருக்கிறது. கை கூடுதலாக அழுத்துகிறது, கோடு விலகுகிறது. கத்தி மழுங்கிவிட்டது என்று நினைத்துத் தீட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

தீட்டத் தீட்ட விளிம்பு அலகின் கனமான பகுதியை நோக்கி ஏறுகிறது. இதை அளக்காமலே பார்க்கலாம்: விளிம்பை ஒட்டிப் பளபளக்கும் சரிவின் அகலத்தைக் கவனியுங்கள். பக்கத்துக்கு 10 டிகிரி வீதம் மொத்தம் 20 டிகிரியில் தீட்டிய கத்தியில் அந்தச் சரிவு 1.2 மி.மீ. அகலம் என்றால், சரிவு முடியும் தோளில் கனம் சுமார் 0.4 மி.மீ. சரிவின் அகலம் 2.5 மி.மீ. ஆகிவிட்டால் தோளின் கனம் கிட்டத்தட்ட 0.9 மி.மீ. கூர் அப்படியே இருக்கும். வெட்ட ஆகும் பலம் கூடிவிடும். ஆகவே சரிவு 2 மி.மீ.யைத் தாண்டும்போதே 400 கிரிட் (சொரசொரப்பைக் குறிக்கும் எண்; எண் கூடக் கல் நைசாகும்) கல்லில் கத்தியைப் படுக்கவைத்து, பக்கத்துக்கு 5 டிகிரி அளவில் தோளைத் தேய்த்து இறக்கிவிட வேண்டும். சலிப்பான வேலைதான், அரை நாள்கூட ஆகலாம். ஆனால் 'பழைய கத்தி, இனி தேறாது' என்று ஒதுக்கப்படும் பிறைக்கத்திகளில் பலவற்றுக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது வளைவு. எகிப்தில் ரெக்மிரேயின் கல்லறைச் சுவரில், கி.மு. 15ஆம் நூற்றாண்டு ஓவியத்தில், தோல் வேலை செய்பவர்கள் கையிலேயே இந்தப் பிறை வடிவக் கத்தி இருக்கிறது. நடுப்பகுதி நேர்கோட்டுக்கு, கொம்புகள் என்று சொல்லத்தக்க இரு முனைகளும் வளைவுக்கும் சீவலுக்கும் (தோலைச் சீவி மெலிதாக்குவதற்கும்) என ஒரே அலகில் பல கத்திகள் அடங்கியிருப்பதால் அந்த வடிவம் நிலைத்துவிட்டது. வளைவு ஒரே சீராக இல்லாவிட்டால் இந்த வசதி போய்விடும்.

கத்தி கைக்கு வந்த நாளே கெட்டித்தாளில் வைத்து அதன் உருவத்தை மெல்லிய பென்சிலால் வரைந்து வெட்டி எடுங்கள். அதைத் திருப்பிப் போட்டுக் கத்தியோடு பொருத்தினால் இடது, வலது பாதிகள் ஒத்திருக்கின்றனவா என்று உடனே தெரியும். அரை மி.மீ. வேறுபாடு பரவாயில்லை. 2 மி.மீ. விலகினால், அதுவும் புதுக் கத்தியில், திருப்பிக் கொடுத்துவிடலாம். தேதி எழுதி அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள்.

சிறு வளைவுகளில் பிறைக்கத்தி தகராறு செய்கிறது என்ற குறைக்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 60 மி.மீ. ஆரமுள்ள அலகை 4 மி.மீ. தோலில் நிமிர்த்திப் பிடித்து அழுத்தினால் சுமார் 43 மி.மீ. நீள விளிம்பு தோலுக்குள் புதைந்திருக்கும். அவ்வளவு நீளம் நேராக நிற்கும்போது கத்தியைத் திருகினால் ஒன்று தோல் கிழியும், இல்லையென்றால் விளிம்பு பொடியும். விளிம்பில் தோன்றும் நுண் பிளவுகளில் பெரும்பகுதி இப்படி வருவதே; எஃகைப் பழி சொல்வதற்கு முன் திருகும் பழக்கத்தைப் பார்க்க வேண்டும். சிறிய வளைவுக்குக் கைப்பிடியைச் சாய்த்து ஒரு கொம்பில் மட்டும் வெட்டுங்கள், திருப்ப வேண்டியது தோலை. அப்போது மற்றக் கொம்பு உங்கள் முன்கையை நோக்கி நிமிர்ந்து நிற்கும். கொம்பு மிக ஒல்லியாக, ஊசிபோல் முடியும் கத்திகளை இதனால் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வெட்டுகிற முனையும் சீக்கிரம் ஒடிகிறது, வெட்டாத முனை கையைக் கிழிக்கிறது.

எஃகுக்கு வருவோம். ஓ1 கருவி எஃகு, ராக்வெல் சி என்ற கடினத்தன்மை அளவில் 60 முதல் 62 வரை பதமேற்றியது, பெரும்பாலோருக்குப் போதும். சாதாரணத் தண்ணீர்க்கல்லில் நுணுக்கமான விளிம்பு எளிதாக வருகிறது, தீட்டும்போது விளிம்பில் எழும் பிசிறு சுலபமாக விலகுகிறது. குறை, துரு. டி2 என்ற கருவி எஃகு நீண்ட நேரம் தாங்கும். ஆனால் அதில் 12 சதவீத அளவில் குரோமியம் இருப்பதால் எஃகுக்குள் பெரிய கார்பைடுத் துணுக்குகள் (மிகக் கடினமான கார்பன் சேர்மங்கள்) உண்டாகின்றன. நிமிர்த்திப் பிடித்துக் கனத்த தோலை வெட்டும்போது அது நன்மை. தாழ்ந்த கோணத்தில் தீட்டிச் சீவலுக்குப் பயன்படுத்தினால் அந்தத் துணுக்குகள் உதிர்ந்து சீவிய பரப்பில் கீறல் விழும். ஏஇபி-எல் ரேசர் பிளேடுக்காக உருவான துருப்பிடிக்காத எஃகு; கார்பைடுகள் மிக நுண்ணியவை, மெல்லிய விளிம்பைத் தாங்கும். ஈரத் தோலில் அதிகம் வேலை செய்பவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான். வனேடியம் மிகுந்த பவுடர் எஃகுகள் (உலோகத் தூளை அழுத்திச் செய்பவை) மழுங்கவே நாளாகும், ஆனால் வைரக்கல் இல்லாமல் அவற்றை வாங்க வேண்டாம். தீட்டச் சிரமம் என்று தள்ளிப்போட்டு, மழுங்கிய நிலையிலேயே ஓட்டும் பழக்கம் வந்துவிடும்.

ஈரத் தோல் என்றதும் ஒரு எச்சரிக்கை. தாவரப் பதனிட்ட தோலில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் கருநீலக் கறை. ஈரப்படுத்திய தோலை ஓ1 கத்தியால் வெட்டிவிட்டு அலகை அதன் மேலேயே வைத்தால் சில நிமிடங்களில் கறை பிடிக்கும். வெட்டியதும் துடைக்க வேண்டும். இதே காரணத்தால் கத்தியைத் தோல் உறையில் மாதக்கணக்கில் வைக்கக் கூடாது. நீளவாக்கில் கீறிய பிளாஸ்டிக் குழாயோ மரக் காப்போ போதும், உள்ளே ஒரு துளி மினரல் ஆயில்.

கைப்பிடி உள்ளங்கையில் புதைந்து அமர வேண்டும். தள்ளும் விசை முழுவதும் அதன் தலையில்தான் விழுகிறது. அலகைத் தடித்த துணியில் பிடித்துக்கொண்டு கைப்பிடியைத் திருகிப் பாருங்கள், துளியும் ஆடக் கூடாது. பூண் தளர்ந்திருந்தால் மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு கைப்பிடியின் நுனியிலிருந்து அலகை நோக்கிப் பாருங்கள். அலகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் வெட்டிய ஓரமும் சாய்வாகவே வரும்.

தீட்டும் முறையில்தான் நல்ல கத்திகள் கெடுகின்றன. மின் சாணையில் விளிம்பு நீலம் பாய்ந்தால் அங்கே வெப்பம் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போயிருக்கிறது. ஓ1 எஃகைக் கடினமாக்கிய பிறகு பதப்படுத்தச் சூடேற்றுவதே சுமார் 200 டிகிரியில்தான். அந்த இடம் மென்மையாகிவிட்டது, நீல நிறத்தைத் தேய்த்து எடுத்தாலும் பதம் திரும்பாது. கெட்ட பகுதி முழுவதையும் கல்லில் தேய்த்து நீக்க வேண்டும்.

கையால் தீட்டும்போது சரிவு முழுக்க மார்க்கர் மை பூசி, 1000 கிரிட் கல்லில் தொடங்குங்கள். வளைவை மனதுக்குள் நான்கு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் அடுத்ததன் மேல் சற்றுப் படியுமாறு, எண்ணி ஒரே அளவு தள்ளல். நடுப்பகுதிதான் அதிகம் மழுங்குகிறது என்று அங்கேயே தேய்த்துக்கொண்டிருந்தால் வளைவில் தட்டையான இடம் விழும். அந்த இடம் பலகையில் உருளாமல் தடைபடும், தோலின் அடியில் வெட்டுப்படாத நார் நிற்கும். கொம்புகளை நெருங்கும்போது கை தன்னையறியாமல் உயர்ந்து கோணம் கூடுவதும் வழக்கம். மை அழியும் விதம் அதைக் காட்டிக்கொடுக்கும். சரிவின் மேல் பாதியில் மை மிஞ்சி, விளிம்பில் மட்டும் போயிருந்தால் கை உயர்ந்திருக்கிறது. ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புவரை பிசிறு தடைபடாமல் விரலுக்குத் தட்டுப்பட்ட பிறகே மறுபக்கம். பிறகு 3000, 6000.

அன்றாட வேலைக்குக் கல் தேவையில்லை. பலகையில் ஒட்டிய மெல்லிய தோலில் பச்சை குரோமியம் ஆக்சைடு தடவி, கத்தியைப் பின்னோக்கி இழுத்தபடியே வளைவை உருட்டி, பக்கத்துக்குப் பத்து இழுப்பு. கத்தி மழுங்கிய பிறகு செய்வதைவிட, வெட்டும் ஒலி சற்றுக் கரகரக்கும்போதே செய்வது மேல். இந்தப் பலகைத் தோல் தடித்து மெத்தென்றிருந்தால் அது விளிம்பைச் சுற்றி மேலேறி உருட்டிவிடும்.

வெட்டும்போது அடியில் வைக்கும் பலகை ஹெச்டிபிஇ என்ற பிளாஸ்டிக் அல்லது நார் மேல்நோக்கிய மரம். கண்ணாடியும் கருங்கல்லும் சீவலுக்கு மட்டும், அதுவும் விளிம்பு கல்லில் படாத தாழ்ந்த கோணத்தில்.

பழைய கத்தி வாங்குவதில் தவறில்லை. 1826இல் தொடங்கிய அமெரிக்காவின் சி.எஸ். ஆஸ்பர்ன் போன்ற தயாரிப்பாளர்களின் பழைய கத்திகள் இன்றும் வேலை செய்கின்றன. மேல்துரு பயமில்லை. விளிம்பிலிருந்து 10 மி.மீ.க்குள் குழித்துரு இருந்தால் மட்டும் விடுங்கள்: தீட்டித் தீட்டி விளிம்பு அந்தக் குழியை எட்டும் நாளில் அங்கே பல் விழும். கைப்பிடி அலகோடு சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் உண்டா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள்.

அலகின் அகலம்: பை, உறை வேலைக்கு 100 மி.மீ.; பெல்ட், சேணம் போன்ற கனத்த வேலைக்கு 120 மி.மீ.க்கு மேல். 1 மி.மீ. தோலில் சிறிய பர்ஸ் மட்டும் செய்பவருக்குப் பிறைக்கத்தியே அவசியமில்லை.

ஓராண்டு கழித்து, முதல் நாள் வரைந்த அந்தத் தாளை எடுத்துக் கத்தியை அதன்மேல் வையுங்கள். விளிம்பு முழுதும் ஒரே அளவு உள்ளே போயிருந்தால் தீட்டுவது சரி. நடுவில் 1 மி.மீ. குறைந்து கொம்புகள் பழைய கோட்டிலேயே நின்றால், அடுத்த மூன்று தீட்டல்களில் கொம்புப் பக்கம் இரு மடங்கு தள்ளல் கொடுத்து, மறுபடி தாளில் வைத்துப் பாருங்கள்.