உப்புக்காற்றில் எந்தப் படை நிற்கும்: உலோகமா, பிளாஸ்டிக்கா, ரெசினா?

இடைக்காலப் போர்களை மினியேச்சர் பொம்மைகளை வைத்து மேஜையில் விளையாட வேண்டும் என்று புதிதாக ஆசைப்படுகிறவர்கள், எந்தப் போர், எந்த விதிமுறை என்று ஆரம்பிப்பார்கள். பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் குடியிருப்பவர்கள் அதற்கு முன்னால் பொம்மை எதில் செய்தது என்று பார்க்க வேண்டும். வார்ப்பு உலோகம், கெட்டி பிளாஸ்டிக், த்ரீடி பிரிண்டரில் எடுக்கும் ரெசின் (ஒளி பட்டு இறுகும் திரவப் பிளாஸ்டிக்) என்று மூன்று வகை உண்டு. என் பாண்டியர் படைக்கு நான் எடுத்தது 28 மி.மீ. கெட்டி பிளாஸ்டிக்; மி.மீ. என்பது ஒரு வீரனின் உயரம், ஏறக்குறைய. ஏன் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் ஆடுவது நம் மண்ணிலேயே நடந்த போர். 12-ஆம் நூற்றாண்டில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதிக்கொண்டார்கள். பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவிடம் உதவி கேட்டான். படை வந்து சேர்வதற்குள் கொல்லப்பட்டான். இருந்தாலும் தளபதி இலங்காபுரன் கடல் கடந்து வந்து இராமேஸ்வரத்தைப் பிடித்தான், அதே தீவில் உள்ள குந்துகாலில் கோட்டை எழுப்பினான், செத்தவனின் மகன் வீரபாண்டியனுக்காகச் சண்டையைத் தொடர்ந்தான். குலசேகரன் சோழர்களிடம் போய் நிற்க, சோழ மன்னன் இரண்டாம் இராஜாதிராஜன் தன் தளபதி பல்லவராயரை அனுப்பினான். இலங்காபுரனின் தலை மதுரைக் கோட்டை வாசலில் அறையப்பட்டதாகப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு சொல்கிறது. ஆக, பாண்டியர், சிங்களர், சோழர் என்று மூன்று படைகள் வேண்டும். பெயின்ட் அடிக்கவே வருடக்கணக்கில் ஆகும். அப்படி உழைத்த படை அலமாரியில் அரித்துப் போகக் கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

விலை, தோற்றம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலோகம் கையில் கனமாக, திருப்தியாக இருக்கும். அந்தக் கனமே இறக்குமதிச் செலவையும் ஏற்றிவிடும். பிளாஸ்டிக் ஒரு பெட்டியில் முப்பது நாற்பது வீரர்கள் வரும். கைமாற்றி விற்க உலோகம்தான் வசதி. ஆனால் நம் பக்கம் வாங்க ஆள் எங்கே இருக்கிறார்கள்?

இங்கே முடிவு செய்வது பராமரிப்பு. பாம்பன் ரயில் பாலத்தைப் பார்த்தாலே போதும். 1914-இல் திறந்த பாலம். ஓயாமல் பெயின்ட் அடித்தும் பழுது பார்த்தும் காப்பாற்றி வந்தார்கள். 2022 டிசம்பரில் அரிப்பு காரணமாக ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் தனி வகைப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். பாலத்தையே அரிக்கிற காற்று நம் ஷோகேஸுக்குள்ளும்தான் வருகிறது.

உலோகப் பொம்மையில் சிக்கல் மூன்று இடத்தில் வரும். முதலாவது, உலோகமே. பழைய பொம்மைகள் பெரும்பாலும் ஈயம் கலந்தவை; இன்றும் சிலர், குறிப்பாக 15 மி.மீ. அளவில், ஈயக் கலவையில்தான் வார்க்கிறார்கள். ஈயத்தைக் கெடுப்பது உப்பைவிட அமில ஆவிதான். மரம், பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) எல்லாம் அந்த ஆவியை மெல்ல விட்டுக்கொண்டே இருக்கும். கண்ணாடி ஷோகேஸை ஒட்டும் சிலிகானில் வினிகர் நெடி அடிக்கிறதே, அதுவும் அதே அமிலம்தான். ஈரப்பதமும் சேர்ந்தால் ஈயத்தின் மேல் வெள்ளைப் பூ பூக்கும். நண்பர் ஒருவரின் பிளைவுட் அலமாரியில் பூட்டி வைத்திருந்த பழைய குதிரை வீரர்களைக் கையில் வாங்கிப் பார்த்தேன். மேலே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. குதிரையின் வயிற்றுக்கு அடியில், பிரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) எட்டாத இடத்தில், மாவு தூவியது போல வெள்ளைப் பொடி. விரல் நுனி பட்டதும் உதிர்ந்தது. அது ஈயக் கார்பனேட், நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இலேசாக விடக் கூடாது. ஆரம்பித்துவிட்டால் தானே நிற்காது. வினையில் அமிலம் திரும்பத் திரும்ப வெளிப்பட்டு மேலும் மேலும் அரிக்கும்.

ஈயமில்லாத வெள்ளீயக் கலவை என்றால் இந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது கேட்டு வாங்கலாம்.

இரண்டாவது, ஈட்டிகள். உலோகப் படைக்கு ஈட்டிக் காம்பாக எஃகுக் கம்பி செருகுவது வழக்கம். கடற்கரையில் அது பெயின்டுக்கு அடியிலேயே துருப்பிடித்து, பழுப்புக் கோடாகக் கசியும். பித்தளைக் கம்பி போட்டால் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, அடித்தட்டு. பெட்டிக்குள் பொம்மை நகராமல் இருக்க அடியில் இரும்பு வாஷரோ காந்தமோ ஒட்டுவார்கள். வாஷர் துருப்பிடித்துப் பெட்டித் தரையில் வளையம் வளையமாக அச்சு விடும். நியோடிமியம் காந்தம் இன்னும் மோசம். மேலே இருக்கும் நிக்கல் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால் உள்ளே பொடிப்பொடியாகிவிடும். இது பிளாஸ்டிக் பொம்மைக்கும் பொருந்தும். அதனால் என் படைக்கு இரும்பே இல்லை. பெயர்ப்பலகை செய்யும் கடையில் 2 மி.மீ. அக்ரிலிக் ஷீட்டை அளவாக வெட்டித் தரச் சொல்லி அதையே தட்டாக வைத்திருக்கிறேன். எம்டிஎஃப் தட்டு ஈரம் குடித்து ஓரம் உப்பும், அக்ரிலிக் அசையாது. எடுத்துப் போவது மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஸ்பாஞ்சு வெட்டி வைத்து.

கெட்டி பிளாஸ்டிக் என்பது பாலிஸ்டைரீன். துரு இல்லை, பூ இல்லை. பிளாஸ்டிக் சிமென்ட் இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் ஒட்டு விடாது. கையை, தலையை வெட்டி மாற்றுவதும் சுலபம். சித்திரை வெயிலில் காருக்குள் டேஷ்போர்டு மேல் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குறையும் உண்டு. தென்னிந்திய இடைக்காலப் படைக்கென்றே வந்த பிளாஸ்டிக் பெட்டி எதுவும் என் கண்ணில் படவில்லை. ஐரோப்பியப் படை வேண்டுமென்றால் கவலையே இல்லை. பெர்ரி மினியேச்சர்ஸ், விக்ட்ரிக்ஸ், ஃபயர்ஃபோர்ஜ் என்று வரிசையாக இருக்கிறது. நமக்கு வழி, வார்கேம்ஸ் அட்லாண்டிக் வெளியிட்ட பண்டைய இந்தியர் பெட்டி. வெற்று மேல், இடுப்பில் வேட்டி, நீண்ட வில். பாண்டியக் காலாளுக்குக் கொஞ்சம் வெட்டி ஒட்டினால் போதும், பிசைந்து ஒட்டினால் இறுகும் எபாக்ஸி புட்டியில் (putty) கொண்டை சேர்த்துவிடலாம். யானை வாங்கும்போது காதைப் பாருங்கள். கார்த்தேஜ் படைக்கென்று வருவது பெருங்காது ஆப்பிரிக்க யானையாக இருக்கும். குதிரைக்கு அரபுக் குதிரைச் சாயல் சரியாகவே பொருந்தும். பாண்டியர்கள் கடல் வழியே குதிரை இறக்கியதையும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்ததையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அவர் வந்தது நம் போருக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து.

இன்னொன்றையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. 15 மி.மீ.தான் பார்ப்பதற்குப் படை மாதிரி இருக்கும். டிபிஏ (DBA) என்ற சின்னப் போர் ஆட்ட விதிமுறையில் ஒரு பக்கத்துக்கு 12 பிரிவுகள், ஒவ்வொரு பிரிவும் ஒரு தட்டில்; 15 மி.மீ. என்றால் தட்டின் முகப்பு 40 மி.மீ., 28 மி.மீ. என்றால் 60. சின்ன டீப்பாயில் முடிய வேண்டிய ஆட்டத்துக்குச் சாப்பாட்டு மேஜை வேண்டியிருக்கும். 15 மி.மீ. அளவில் கிடைப்பதோ பெரும்பாலும் உலோகம். இடம் இல்லாதவர்கள் ஈயமில்லாத உலோகம் பார்த்து வாங்கி, அடிவயிறு வரை பிரைமர் ஏற்றி, மர அலமாரியைத் தவிர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இராமநாதபுரம் டவுன் போல உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு இரும்புத் துரு அவ்வளவு வேகமாக வராது. பிளைவுட் விஷயம் மட்டும் அங்கேயும் அதேதான்.

ரெசினைப் பற்றி நான் அழுத்திச் சொல்ல முடியாது, கையாண்டது கொஞ்சம்தான். நுணுக்கத்தில் மூன்றிலும் அதுதான் முதல். பாண்டியன், சோழன் என்று நமக்கு வேண்டிய உருவத்தையே பிரிண்ட் எடுக்கலாம் என்பது பெரிய கவர்ச்சி. ஆனால் மெல்லிய ஈட்டியும் வாளும் வெக்கையில் வளைந்ததைப் பார்த்தேன். கீழே விழுந்தால் பட்டென்று ஒடிகிறது. உள்ளே கூடாக எடுத்த யானை சரியாகக் கழுவிக் காயாமல் இருந்தால், மிச்ச ரெசின் உள்ளிருந்தே வெடிப்பு விடும். ஆகவே தளபதி, யானை என்று ஒன்றிரண்டுக்கு ரெசின் சரி. மொத்தப் படையையும் அதில் எடுக்க எனக்குத் துணிவில்லை.

படை எதுவானாலும் ஒரு தடவை குந்துகால் போய் நின்று பாருங்கள். விவேகானந்தர் 1897-இல் வந்து இறங்கிய இடம் என்றுதான் எல்லோரும் போவார்கள். கல் மதிலும் கடல்நீர் பாயும் அகழியுமாக இலங்காபுரன் கட்டியதாக இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் சொல்லும் கோட்டைக்கு இன்று கண்ணுக்குத் தெரியும் அடையாளமில்லை. தரை மட்டும் பேசும்: காலடியில் நெகிழும் வெளிர் மணல், ஒதுங்கிக்கொள்ள மேடில்லாத வெட்டவெளி, இருபுறமும் தண்ணீர். குதிரை பாய்ந்து வரும் இடமல்ல அது என்று அங்கே நின்றால் உடனே புரியும். அதற்கப்புறம் மேஜையில் அந்தக் கரையைப் படைகள் கடக்கச் சிரமப்படும் நிலமாக வைத்தே ஆடுகிறோம்.

அந்த மணலை அப்படியே அடித்தட்டில் ஒட்டிவிடாதீர்கள். உப்பு ஈரத்தை இழுத்து, பெயின்ட் மேல் வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரில் பலமுறை அலசிக் காயவைத்த மணல் என்றால் சரி. பவளத் துண்டு மட்டும் வேண்டாம். எடுப்பது சட்டப்படி குற்றம்.

பிரைமரும் வார்னிஷும் ஸ்பிரேயாக அடிப்பதானால் ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தில் வேண்டாம். மேட் வார்னிஷ் பனி படிந்தது போல வெளுத்துவிடும். அந்த மாதங்களில் நான் பிரஷ்ஷில்தான் பூசுகிறேன். மாசி பிறந்ததும், கடல்காற்று கிளம்புவதற்கு முன் காலையில் மொட்டை மாடியில் ஸ்பிரேயை வைத்துக்கொள்வேன். சோழர் படைக்கு வாங்கிய பெட்டியும் அதற்காகத்தான் இன்னும் பிரிக்காமல் இருக்கிறது.