ஆர்கேட் பெட்டிக்கு எந்த பவர் சப்ளை? மூன்றையும் வைத்து ஓர் அலசல்

வீட்டில் ஜாமா போர்டு (ஜாமா என்ற பொதுவான பிளக் முறையில் சொருகும் கேம் போர்டு) போட்டு ஆர்கேட் பெட்டி, அதாவது காசு போட்டு ஆடும் வீடியோ கேம் பெட்டி கட்டுபவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது. ஆர்கேட்டுக்கென்றே விற்கும் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்டைக் குறைந்த டிசி வோல்டேஜாக மாற்றும் பவர் சப்ளை), பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஏடிஎக்ஸ் எஸ்எம்பிஎஸ், தொழிற்சாலை பேனல்களில் பார்க்கும் ஓட்டை ஓட்டையான அலுமினிய டப்பா. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் ஓட்டு மூன்றாவதற்குத்தான். 5 வோல்ட்டுக்கு ஒரு டப்பா, 12 வோல்ட்டுக்குத் தனியாக இன்னொன்று. மீன்வெல் கம்பெனியில் என்றால் எல்ஆர்எஸ்-50-5 (5 வோல்ட், 10 ஆம்ப்), எல்ஆர்எஸ்-35-12 (12 வோல்ட், 3 ஆம்ப்). கோயம்புத்தூரில் சிஎன்சி மெஷினும் பேனல் போர்டும் இல்லாத தெரு குறைவு. ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்காமல், பேனலுக்குச் சாமான் விற்கும் கடையில் போய்க் கேட்டாலே இந்த ரகம் கிடைத்துவிடும்.

ஆர்கேட் எஸ்எம்பிஎஸ் வசதியானதுதான், மறுக்கவில்லை. +5, +12, -5 மூன்றும் ஒரே டெர்மினலில், 5 வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, விலையும் குறைவு. ஆனால் ஒரே ஸ்டிக்கருக்குள் வேறு வேறு ஆட்கள் செய்த சரக்கு வருவதால், ஒன்று நன்றாக ஓடியது என்று அடுத்ததையும் நம்ப முடியாது. பக்கத்தில் 110/220 ஸ்லைடு ஸ்விட்ச் இருந்தால் கரண்ட் கொடுக்கும் முன் பார்த்தே ஆக வேண்டும். 110-இல் வைத்து நம் 230-ஐக் கொடுத்தால் உள்ளே வோல்டேஜ் டபுளர் (வோல்டேஜை இரட்டிப்பாக்கும் சுற்று) வேலை செய்து, 200 வோல்ட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்றின் மேலும் 325 வோல்ட் வரை ஏறும். வெடிச்சத்தம் கேட்டபிறகு ஸ்விட்சைத் தள்ளிப் பயனில்லை.

ஏடிஎக்ஸ் பரணில் சும்மா கிடக்கும், அதுதான் அதன் முதல் தகுதி. 20 அல்லது 24 பின் பிளக்கில் பச்சை ஒயரைக் கறுப்போடு சேர்த்தால் ஆன் ஆகும். சிவப்பு 5, மஞ்சள் 12, நீலம் மைனஸ் 12. சிக்கல் எங்கே என்றால், பழைய மாடல்களில் 5-ம் 12-ம் ஒரே ரெகுலேஷனில் (வோல்டேஜை நிலையாக வைக்கும் கட்டுப்பாட்டில்) கட்டப்பட்டிருக்கும். கேம் போர்டு இழுப்பது பெரும்பாலும் 5-இல் மட்டும்தான். 12-இல் சுமையே இல்லாவிட்டால் 5 இறங்கும், 12 ஏறும். சரிக்கட்ட 12-இல் ஒரு 21 வாட் கார் பல்பை மாட்டிவிடலாம். அது வேலை செய்யும், பெட்டிக்குள் அடுப்பு மாதிரி சூடும் கொடுக்கும். இதைவிடப் பெரிய குறை, 5 வோல்ட்டைக் கூட்ட வெளியே திருகு கிடையாது.

அந்தத் திருகுதான் எனக்கு முடிவைத் தீர்மானித்தது. போர்டில் இருக்கும் 74எல்எஸ் வகை லாஜிக் ஐசிகளுக்கு 4.75 முதல் 5.25 வோல்ட் வரை வேண்டும். சப்ளையின் டெர்மினலில் 5.00 இருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டால் கதை முடிந்தது, ஐசியின் காலில் என்ன இருக்கிறது என்பதுதான் கணக்கு. 4 ஆம்ப் இழுக்கும் போர்டுக்கு 0.75 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரில் ஒரு மீட்டர் போய் ஒரு மீட்டர் திரும்பி வந்தால், ஒயரிலேயே சுமார் 0.2 வோல்ட் போய்விடும். போர்டின் விளிம்பில் சொருகும் எட்ஜ் கனெக்டரில் இன்னும் கொஞ்சம். பியூஸ் இருந்தால் அதிலும் கொஞ்சம். ஐசிக்கு 4.7 வந்து சேரும். கேம் ஆன் ஆகும், படமும் தெரியும். பத்து நிமிடம் கழித்துத் தானாக ரீசெட் ஆகும், அல்லது ஸ்ப்ரைட்டுகள் (திரையில் நகரும் உருவங்கள்) உடைந்து தெரியும். போர்டுதான் போய்விட்டது என்று ராமை மாற்றுகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

மருந்து இரண்டு. முதலில் ஒயர்: 5-க்கும் கிரவுண்டுக்கும் 1.5 ஸ்கொயர் ஒயர் இரண்டிரண்டு. இழப்பு 0.05 வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். ஜாமாவில் பாகங்கள் பக்கம் 3, 4, சோல்டர் பக்கம் சி, டி ஆகிய நான்கும் 5 வோல்ட். 1, 2, ஏ, பி கிரவுண்டு, மறுமுனையில் 27, 28, இ, எஃப்-பும் (சின்ன எழுத்து) கிரவுண்டு. அத்தனையிலும் ஒயர் பிடியுங்கள். ஒரு பின் தோராயமாக 3 ஆம்ப்தான் தாங்கும். சோம்பல்பட்டு ஒரே பின்னில் 4 ஆம்ப்பை ஓட்டினால் கனெக்டர் பழுப்பேறி, பிறகு உருகி, போர்டின் தங்கப் பட்டையையும் கருக்கிவிடும்.

இரண்டாவது, அளந்து திருகுவது. போர்டைச் சொருகும் முன் டெர்மினலில் 5.00 வைத்துவிட்டு, கரண்டை அணைத்து, போர்டைச் சொருகி, டெமோ ஓடும்போது 14 கால் ஐசி ஒன்றின் 7-ஆம் காலில் மீட்டரின் கறுப்பையும் 14-இல் சிவப்பையும் வையுங்கள். (16 கால் என்றால் பெரும்பாலும் 8-ம் 16-ம்.) அங்கே 5.00 முதல் 5.05 வரும்வரை திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். எல்ஆர்எஸ்-50-5 இல் 4.5 முதல் 5.5 வரை நகரும். போர்டை மாற்றினால் திரும்ப அளக்க வேண்டும். கனமான போர்டுக்காகக் கூட்டிவைத்த வோல்டேஜ், லேசான போர்டில் அப்படியே காலுக்குப் போய்ச் சேரும். ஆர்கேட் எஸ்எம்பிஎஸ்ஸிலும் இதே வேலையைச் செய்யலாம். ஏடிஎக்ஸில் முடியாது, ஒயரைத் தடிமனாக்குவது ஒன்றே வழி.

நம் பக்கத்துக் கரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிகள் ஓடும் லைனிலும், தோட்டத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடும் கிராமத்து லைனிலும் சாயங்காலம் வோல்டேஜ் இறங்குவது பழகிப்போன விஷயம். இந்த இரண்டு எல்ஆர்எஸ் டப்பாவும் 85 முதல் 264 வோல்ட் வரை ஏற்கும், செலக்டர் ஸ்விட்சே இல்லை. ஸ்டெபிலைசரும் வேண்டாம். (150 வாட் மாடலுக்குப் போனால் ஸ்விட்ச் வந்துவிடும், அவ்வளவு பெரிது இங்கே தேவையும் இல்லை.) 230-இல் நிறுத்திய ஸ்லைடு ஸ்விட்ச் சப்ளைகள் 180-க்குக் கீழே தடுமாறும். ஆனால் கம்பத்தில் நியூட்ரல் கட் ஆகி வீட்டுக்குள் 400 வந்தால் எந்த டப்பாவும் தாங்காது. பியூஸுக்குப் பிறகு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு எம்ஓவி (வோல்டேஜ் எகிறினால் அதை உறிஞ்சும் பாகம்), முன்னால் 2 ஆம்ப் ஸ்லோ-புளோ பியூஸ், இதையாவது போடுங்கள்.

வயரிங்கில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம்தான். டெர்மினலில் எல், என், எர்த், -வி, +வி என்று வரிசையாக இருக்கும். இரண்டு டப்பாவின் -வி-யையும் ஒன்றாகச் சேர்த்தால்தான் போர்டுக்குப் பொதுக் கிரவுண்டு கிடைக்கும். எர்த்தை விட்டுவிடாதீர்கள், ரெண்டு பின் பிளக்கில் ஓட்டினால் பெட்டியின் மெட்டலில் சுர்ரென்று பிடிக்கும். ஒயர் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் இறுக்குவதையும் தவிருங்கள். ஈயம் மெல்ல நசுங்கிப் பிடி தளர்ந்துவிடும், லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) போட்டு க்ரிம்ப் செய்வதே சரி, அதாவது நசுக்கி இறுக்குவது. 5 வோல்ட் லைனில் 7.5 ஆம்ப் கார் பியூஸ் ஒன்று. போர்டில் ஷார்ட் ஆனாலும், பிளக்கில் ஸ்க்ரூ டிரைவர் நழுவினாலும் அது காப்பாற்றும்.

மைனஸ் 5 பற்றி. கேப்காமின் சிபிஎஸ்-2 போன்ற பிற்காலப் போர்டுகளுக்கு அது வேண்டவே வேண்டாம். 1980-களின் பழைய போர்டுகளில் ஆடியோ ஆம்ப்புக்கு வேண்டியிருக்கும், 4116 என்ற பழைய ராம் (மெமரி) ஐசி இருந்தால் கட்டாயம். 12 வந்து மைனஸ் 5 வராமல் ஓடவிட்டால் அந்த ராம் செத்துவிடும். அப்படிப்பட்ட போர்டு கையில் இருந்தால் என் தேர்வு மாறும்: +5, +12, -5 மூன்றும் தரும் மீன்வெல் ஆர்டி-65ஏ, அல்லது ஆர்கேட் எஸ்எம்பிஎஸ்ஸே. ஏடிஎக்ஸின் மைனஸ் 12-இல் 7905 (மைனஸ் 5 தரும் ரெகுலேட்டர் ஐசி) வைத்தும் எடுக்கலாம், ஆனால் அதன் முதுகுத் தகடு கிரவுண்டு அல்ல, இன்புட். நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைக்காமல் பெட்டியின் மெட்டலில் முறுக்கினால் மைனஸ் 12 நேராக ஷார்ட்.

ரிப்பிளை (டிசி-யில் கலந்துவரும் ஏற்ற இறக்கத்தை) மலிவு மீட்டரின் ஏசி ரேஞ்சில் பார்த்து ஒரு சப்ளையைக் கழித்துக்கட்ட மாட்டேன், அந்த எண்ணை நம்ப முடியாது. ஆசிலோஸ்கோப் இருந்தால் மட்டும் பேசலாம். ராஸ்பெரி பை வைத்து மட்டும் ஓட்டுபவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை, அதன் சொந்த அடாப்டர் போதும்.

பராமரிப்பில் மூன்றையும் ஒப்பிட்டால்: ஏடிஎக்ஸ் போனால் ஃபேன், பெட்டி எல்லாம் சேர்த்துக் கழற்ற வேண்டும். ஆர்கேட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 மட்டும் போனாலும் மொத்த டப்பாவையும் மாற்ற வேண்டும். இரட்டை டப்பாவில் போனதை மட்டும் மாற்றினால் போதும், டெர்மினல் ஸ்க்ரூ ஐந்து, பிடிப்பு ஸ்க்ரூ இரண்டோ மூன்றோ. மாற்றியதும் போர்டைச் சொருகும் முன் புதிய டப்பாவை 5.00-க்கு வைக்க மறக்காதீர்கள், அதன் திருகு எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாது.