அறை சின்னது, வளவு பெரிது: கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு விடுதி

செட்டிநாட்டில் தங்க இடம் தேடுகிறவர்கள் அறையின் படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பழைய வீடு என்றால் அறை சின்னதாகத்தான் இருக்கும். நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடுகளில் வளவு என்கிற நடுமுற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள், கல்யாணமான மகன்களின் குடும்பங்களுக்கு, அதாவது புள்ளிக்கு ஒன்றாக, ஒதுக்கப்பட்டவை. சீர்ப் பாத்திரங்களையும் பெட்டகங்களையும் பூட்டி வைப்பதுதான் அவற்றின் முதல் வேலை. மற்றபடி உண்டது, பேசியது, பகலில் படுத்துப் புரண்டது எல்லாம் வெளியே, முற்றத்தை ஒட்டிய தாழ்வாரமான பத்தியில்தான். அந்த அறைக்குள்தான் இப்போது கட்டிலையும் ஏசியையும் குளியலறையையும் திணித்திருக்கிறார்கள். ஆகவே நாம் காசு கொடுப்பது உண்மையில் முகப்புக்கும் வளவுக்கும் பின்கட்டுக்கும்.

எங்கள் பூர்வீக வீட்டின் சாவி ஒரு பங்காளியிடம் இருக்கிறது. திறக்கவோ எல்லாப் பங்காளிகளும் சம்மதிக்க வேண்டும். அதனால் சிங்கப்பூரிலிருந்து திருச்சியில் இறங்கி, புதுக்கோட்டை வழியாகக் காரில் வந்து, சொந்த ஊருக்குப் பக்கத்திலேயே விருந்தாளியாகத் தங்கினோம். வீட்டுக்காரர்கள் வளவுக்குப் பின்னால் உள்ள இரண்டாங்கட்டில் குடியிருக்கிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் வீட்டு விடுதித் திட்டத்தில் பதிவு செய்ய உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும், 6 அறைகளுக்கு மேல் வாடகைக்கு விடக் கூடாது. இந்த விதியின் அருமை தங்கிப் பார்த்தால்தான் தெரியும். ஆள் வாழும் வீட்டில் திண்ணைக்குக் காலையில் நாளிதழ் வருகிறது. அதைப் படிக்க ஐயாவும் வருகிறார். கூடவே நமக்கும் ஒரு டம்ளர் காப்பி வந்துவிடுகிறது. சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்தும் இடங்களில் அதே திண்ணையில் பித்தளைக் குடமும் பிளாஸ்டிக் பூவும்தான் உட்கார்ந்திருக்கின்றன.

வளவுக்குள் செருப்புக்கு இடமில்லை. யாரும் அதட்டுவதில்லை; வாசலிலேயே ஒரு மரப்பலகை அடுக்கு வைத்திருக்கிறார்கள், கால் தானாக நின்றுவிடுகிறது. தரை முழுவதும் ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அதன் முதுகில் மணலும் சிமெண்டும் போட்டு வார்க்கிற கல் இது. சூளையில் சுடுவதில்லை, தண்ணீரில் ஊறப்போட்டுக் காய வைக்கிறார்கள். முகம் வழவழப்பாக வருவது அந்தக் கண்ணாடியால். காலையில் ஓர் அம்மா முட்டி போட்டு, துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தேன். தூணடியிலும் மூலைகளிலும் கல் மங்கலாகக் கிடக்கிறது. முகப்பிலிருந்து அடுப்படிக்கு ஆட்கள் நடக்கும் தடம் மட்டும் முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கிறது. நடக்க நடக்க மெருகேறும் தரைக்குக் கயிறு கட்டித் தடுப்புப் போடும் விடுதிக்காரர்களை என்ன சொல்வது!

சிற்றுண்டி பத்தியில், இலை போட்டு. வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்னியும் நன்றாக இருந்தன. அதற்கு மேல் சொன்னால் ஊர்ப் பெருமை ஆகிவிடும்.

இனி மனத்தாங்கல். ஒரு நாள் விடியற்காலையிலேயே வளவில் சத்தம். கல்யாணத்துக்கு முந்தைய படப்பிடிப்பாம். பெண்ணுக்குப் பட்டுப்பாவாடை, மாப்பிள்ளைக்கு மைனர் செயின், நடுவில் புகை கக்கும் ஓர் இயந்திரம். எங்களை அறைக்குள்ளேயே சாப்பிடச் சொல்லிவிட்டார்கள். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மடியில் தட்டு வைத்துப் பணியாரம் தின்னவா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்டு ஆச்சியிடம் கேட்டேவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஓடு மாற்றுகிற செலவுக்கே வாடகை கட்டாது தம்பி. தூணை விற்றால் காரைக்குடியில் நாளைக்கே வாங்கிக்கொள்வார்கள். அதற்கு இது தேவலை இல்லையா?" என்றார். வாயடைத்துப் போனேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனை வீட்டுக் கதவும் நிலையும் அங்கே சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன என்று. ஆச்சி சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் படப்பிடிப்பு இருக்கிற நாளை முன்பதிவின்போதே சொல்லிவிட்டால் குறைந்தா போய்விடுவார்கள்?

தோட்டம் இரண்டு. பக்கவாட்டில் புதிதாகப் போட்ட புல்தரை, சரவிளக்கு, வெள்ளை நாற்காலிகள். ஊருணியில் மழைநீரைத் தேக்கிப் பிழைத்த வறண்ட சீமை இது. அங்கே காலையும் மாலையும் குழாய் பிடித்துப் புல்லை வளர்க்கிறார்கள். மரமில்லாத வெளி என்பதால் பொழுது சாயும்வரை அதில் காக்கைகூட உட்காரவில்லை. சாய்ந்த பிறகு கொசு.

உட்காரத் தகுந்த தோட்டம் பின்கட்டில்தான் இருக்கிறது. இந்த வீடுகளின் முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக இருக்கும். எல்லாக் கதவும் திறந்திருந்தால் காற்று குறுக்கே ஓடும். அந்தக் காற்று வந்து சேர்கிற இடத்தில் கிணறு, துவைகல், வேம்பு, முருங்கை, நந்தியாவட்டை. கதவில் 'விருந்தினருக்கு அனுமதி இல்லை' என்று பலகை தொங்குகிறது. கறிவேப்பிலை பறிக்க வந்த ஆச்சிதான், "பலகை கிடக்கட்டும், வாருங்கள் தம்பி" என்று கூப்பிட்டார். வேப்ப நிழலில் துவைகல் மேல் உட்கார்ந்து, எங்கள் அப்பத்தா வாழ்க்கைப்பட்டு வந்த வீடு எது, அதில் இப்போது யார் இருக்கிறார்கள் என்ற வம்பு முழுவதையும் அங்கேதான் கேட்டு முடித்தேன். புல்தரைக்குச் செலவழித்த பணத்தில் இங்கே இரண்டு கல் இருக்கை போட்டிருக்கலாம்.

ஊருக்குப் போகிறவர்கள் தொலைபேசியில் மூன்றே மூன்று கேட்டுக்கொண்டால் போதும்: வீட்டுக்காரர் அங்கேயே குடியிருக்கிறாரா, நாம் தங்கும் நாளில் படப்பிடிப்பு உண்டா, பின்கட்டுக் கதவைத் திறந்து விடுவார்களா. புல்தரை இருக்கிறதா என்று கேட்க வேண்டாம். இருக்கும்.