மஞ்சள் பையோடு ஒன்பது வருஷம்

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். ஊர்க்காரர்களுக்கு நாங்கள் 'காத்தாடி'க்காரர்கள். உச்சியில் ஒரு வேன் அளவுக்குத் தெரிகிற பெட்டிதான் நாசெல், எங்கள் பட்டறை. அங்கே தீப்பிடித்தால் ஏணி இருக்கும் கோபுரமே புகைக்குழாய் ஆகிவிடும். அப்போது மிச்சமிருப்பது பின்பக்க ஹேட்ச் என்ற திறப்புக் கதவும், மஞ்சள் பையில் இருக்கும் அவசர இறங்கு கருவியும்தான்.

கருவியின் வேலை எளிமையானது. கயிறு ஓட ஓட உள்ளே உருளை சுழலும். வேகம் கூடினால் பிரேக் கட்டைகள் தானாக விரிந்து டிரம்மில் உரசும். நாம் எதையும் பிடித்து அழுத்த வேண்டாம், மயங்கிக் கிடப்பவரையும் இறக்கலாம். ஐரோப்பியத் தரமான ஈஎன் 341 இறங்கும் வேகத்தை விநாடிக்கு அரை மீட்டரிலிருந்து 2 மீட்டருக்குள் வைக்கிறது. பயிற்சியில் 80 மீட்டர் இறங்க எனக்கு நூறு விநாடி ஆனது. கயிற்றின் இரு முனையிலும் கொக்கி உண்டு. ஒருவர் கீழே போகும்போது மறுமுனை மேலே வந்துவிடும், அடுத்தவர் அதில் மாட்டிக்கொள்ளலாம்.

ஒன்பது வருஷத்தில் கருவி ஒரு முறைகூட என்னை ஏமாற்றவில்லை. பயந்ததெல்லாம் ஹேட்ச்சைத் திறந்து கால் வைப்பதற்கு முந்தைய ஒரு நிமிஷத்தில்தான்.

முதலில் கயிற்றுத் தொய்வு. கயிறு ஓடினால்தான் பிரேக் பிடிக்கும். ஒரு மீட்டர் தொய்வோடு குதித்தால் அந்த ஒரு மீட்டரும் சும்மா விழுவதுதான், அப்புறம் ஒரே வெட்டு. மறுமுனையை இழுத்து, உடம்பில் கட்டியிருக்கும் பட்டையான ஹார்னஸ் நம் எடையைத் தாங்குவதை உட்கார்ந்து பார்த்த பிறகே வெளியே நழுவ வேண்டும். குதிக்கவே கூடாது. ஆரம்பத்தில் அவசரத்தில் தொய்வோடு நழுவப் போன என்னை, சீனியர் அண்ணன் ஒருவர் "ஏலே, கயித்தப் பாரு!" என்று காலரைப் பிடித்து இழுத்தார். அன்று வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

அடுத்தது மாட்டும் இடம். நாசெலில் கைப்பிடி, கேபிள் தாங்கி என்று பிடித்துக்கொள்ள ஆயிரம் கம்பி இருக்கும். எடை தாங்கும் என்று குறியிட்ட ஆங்கர், அதாவது கருவியை மாட்டும் பிடிமானம் தவிர வேறெதிலும் மாட்டக் கூடாது. ஹேட்ச் விளிம்பு தகரக் கத்தி மாதிரி, கயிறு உரசும் இடத்தில் விளிம்புக் காப்பு போட்டே ஆக வேண்டும்.

இங்கே பழைய குட்டை மெஷின்களும் புதிய உயர மெஷின்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. 50 மீட்டர் கயிறுள்ள பையை 80 மீட்டர் கோபுரத்துக்குத் தூக்கிப்போனால் நடு வானத்தில் தொங்க வேண்டியதுதான். அசையாமல் ஹார்னஸில் தொங்கினால் ரத்தம் காலில் தேங்கி மயக்கம் வரும், அதுவும் ஆபத்து. அதனால் ஏறும் முன் பைமேல் உள்ள நீளத்தைச் சத்தமாக வாசிக்கிறோம்.

நெதர்லாந்தில் ஓல்ட்கென்ஸ்ப்ளாட் என்ற இடத்தில் 2013 அக்டோபரில் காற்றாலை தீப்பிடித்து இளம் டெக்னீசியன்கள் இருவர் இறந்தார்கள். அதைப் படித்த பிறகு பையை வைக்கும் இடத்தை மாற்றினேன். கியர்பாக்ஸ் பக்கம் போட்டுவிட்டு வேலை பார்ப்பதில்லை. மேலே போனதும் முதல் வேலை அதை ஹேட்ச் ஓரம் கொண்டுபோய் வைப்பது. தீ நமக்கும் பைக்கும் நடுவில் வந்துவிட்டால் பை இருந்தும் பயனில்லை.

நிஜமாகப் பயன்பட்டது ஒரே முறை. ஒரு ஏப்ரல் மதியம், கூட வந்த தம்பிக்கு வெயிலில் மயக்கம். ஏணியில் இறக்க முடியாது என்று கயிற்றில் இறக்கினோம். காற்று அவனைக் கோபுரத்திலிருந்து தள்ளி ஊசலாட்டியதுதான் பெரிய தொல்லை. கீழே நின்றவர் மறுமுனைக் கயிற்றைத் தொடாமல், தனியாகக் கட்டிய வழிகாட்டிக் கயிற்றை வைத்து அவனைத் திருப்பினார். மின்கம்பிப் பக்கம் போகாமல் இறங்கிவிட்டான். அப்புறம் நான் இறங்கும்போது கருவியின் உறை தொட முடியாத சூடு, கையுறை இல்லையென்றால் கொப்புளம்தான்.

குறை சொல்வதானால் பராமரிப்பில்தான். ஒரு ஒப்பந்ததாரரிடம் வேலை செய்தபோது பரிசோதனைத் தேதி ஐந்து மாதம் தாண்டிய பை கிடைத்தது. திறந்தால் கயிற்றில் கியர் ஆயில் ஊறியிருந்தது. "அவசரத்துக்குத்தானே, போதும்" என்றார் மேற்பார்வையாளர். அன்று ஏறவில்லை, ஒரு நாள் சம்பளம் போனது. இப்போதிருக்கும் பையின் முத்திரை உடையவில்லை, தேதியும் சரி. மே மாதம் காற்று ஆரம்பிக்கும் முன் அடுத்த பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும்.